பின்னால் இடித்தால் பதில் சொல்ல வேண்டியது யார்?

நிற்கும் வண்டியையோ மெதுவாகப் போகும் வண்டியையோ பின்னால் வந்த வண்டி இடித்து, முன்வண்டியில் இருந்தவர் காயப்பட்டால், பின்வண்டி ஓட்டுநரிடம் இழப்பீடு கேட்க மலேசியச் சட்டம் இடம் தருகிறது. அந்தப் பணம் பெரும்பாலும் ஓட்டுநரின் சட்டைப்பையிலிருந்து வருவதில்லை. அவருடைய வண்டிக்குக் காப்புறுதி கொடுத்த நிறுவனம் தருகிறது. காயப்பட்டவர் வேலைக்குப் போகும் வழியிலோ வேலை முடிந்து திரும்பும் வழியிலோ இருந்திருந்தால், சொக்சோ எனப்படும் சமூகப் பாதுகாப்பு நிறுவனமும் தனியாக உதவித்தொகை தரும்.

இந்த இரண்டும் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களிலும், லெம்பா பெர்த்தாம் காய்கறித் தோட்டங்களிலும் உழைக்கும் குடும்பங்களுக்கு உரியவை. ஒன்றை வாங்கினால் மற்றது கிடைக்காது என்று நினைத்து ஒதுங்குகிறவர்களும், முதல் சில நாள்களில் சேர்க்க வேண்டிய தாள்களைச் சேர்க்காமல் விடுகிறவர்களும் கையில் இருக்கும் உரிமையை இழந்துபோகிறார்கள். சட்டம் சொல்வது என்ன, பணம் எந்த வழியில் வருகிறது, எதை எப்போது செய்ய வேண்டும் என்பதைத் தோட்டத்து மக்கள் ஒவ்வொருவரும் அறிந்திருப்பது அவசியம்.

மலைச்சாலையில் பின்மோதல்

தாப்பாவிலிருந்து ரிங்லெட் வழியாகத் தானா ராத்தாவுக்கு ஏறும் சாலை 1931-இல் திறக்கப்பட்டது. சுமார் 60 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் சாலையில் இன்றும் பெரும்பகுதி இருவழித் தடம்தான். ரிங்லெட்டில் பிரியும் சாலை லெம்பா பெர்த்தாமைத் தொட்டுச் சுங்கை கோயான் பக்கம் இறங்குகிறது. வடக்கே சிம்பாங் பூலாயிலிருந்து கம்போங் ராஜாவுக்கு வரும் சாலை இன்னும் அகலமானது, வேகமும் கூடியது. அந்தச் சாலையில்தான் 2010 டிசம்பர் 20 அன்று சுற்றுலாப் பேருந்து ஒன்று கவிழ்ந்து, தாய்லாந்துப் பயணிகள் உட்பட 25-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

இத்தகைய சாலையில் பின்மோதலுக்குக் காரணங்கள் பல. காய்கறி ஏற்றிய லோரி இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் பிடித்து வரும்போது பிரேக் சூடேறி அதன் பிடிமானம் குறைகிறது. மழையும் மூடுபனியும் பார்வையை மறைக்கின்றன. பள்ளி விடுமுறையில் ரிங்லெட்டிலிருந்து பிரிஞ்சாங் வரை வண்டிகள் ஊர்ந்து போகின்றன. வளைவைத் தாண்டியதும் எதிரே நிற்கும் வரிசையைப் பின்னால் வருகிறவர் எதிர்பார்ப்பதில்லை. ஸ்திராபெரித் தோட்டத்தையோ தேயிலைச் சரிவையோ பார்த்ததும் திடீரென நிறுத்தும் வெளியூர் வண்டிகளும் உண்டு.

மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் 11 மீட்டர் கடக்கிறது. 60 கிலோமீட்டர் வேகத்தில் அது கிட்டத்தட்ட 17 மீட்டர். முன்வண்டிக்கும் தன் வண்டிக்கும் இடையே குறைந்தது இரண்டு நொடி இடைவெளி வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் பாதுகாப்பு விதி. அதன்படி 40-இல் 22 மீட்டரும், 60-இல் 33 மீட்டரும் விட வேண்டும். ஈரமான இறக்கத்தில் அதுவும் போதாது. ஆபத்தைக் கண்டு காலைப் பிரேக்குக்குக் கொண்டுபோவதற்கே ஒரு நொடிக்கு மேல் ஆகிவிடுகிறது என்பதால், இடைவெளி விடாமல் ஒட்டி ஓட்டுகிறவருக்கு நிறுத்த இடமே இருப்பதில்லை.

வெளியே தெரியாத காயம்

பின்னாலிருந்து இடிபடும்போது இருக்கை உடலை முன்னே தள்ளுகிறது. தலை ஒரு கணம் பின்தங்கி, பிறகு வேகமாக முன்னே வருகிறது. அரை நொடிக்கும் குறைவான நேரத்தில் நடக்கும் இந்த அசைவில் கழுத்தின் தசைகளும் தசைநார்களும் இழுபட்டுக் கிழிகின்றன. இடித்த இடத்தில் ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்தோ மறுநாள் காலையிலோ கழுத்து இறுகும், தலை வலிக்கும், தோளிலும் கையிலும் மரமரப்பு வரும். எக்ஸ்ரே எலும்பைத்தான் காட்டும். இழுபட்ட தசை அதில் தெரியாது. அதனால் எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்றதும் காயமே இல்லை என்று முடிவு கட்டுவது தவறு.

கனடாவின் கியூபெக் மாநிலத்தில் அமைக்கப்பட்ட மருத்துவக் குழு 1995-இல் இந்தக் கழுத்துக் காயத்தை 0 முதல் 4 வரை ஐந்து நிலைகளாகப் பிரித்தது. முறையீடு எதுவும் இல்லாதது 0. வலியும் இறுக்கமும் மட்டும் இருந்தால் 1. மருத்துவர் தொட்டுப் பார்க்கும்போது அசைவுக் குறைவோ குறிப்பிட்ட இடத்தில் நோவோ தெரிந்தால் 2. நரம்பு பாதிக்கப்பட்ட அடையாளம் இருந்தால் 3. எலும்பு முறிந்தோ விலகியோ இருந்தால் 4. மருத்துவ அறிக்கையில் எந்த அறிகுறிகள் எழுதப்பட்டிருக்கின்றன என்பதைப் பொறுத்தே இழப்பீட்டின் அளவு கூடும், குறையும். வலி இருந்தும் மருத்துவரிடம் சொல்லாமல் விட்டால், அந்த வலி பதிவேட்டில் இல்லை; பதிவேட்டில் இல்லாத வலியை மாதங்கள் கழித்து மெய்ப்பிப்பது பெரும்பாடு.

காரில் இருப்பவரைவிட மோட்டார் சைக்கிளில் போகிறவருக்குப் பின்மோதல் கொடியது. தூக்கி எறியப்பட்டுத் தலையிலும் காலிலும் அடிபடுகிறவர்களே அதிகம். மலேசியச் சாலைச் சாவுகளில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிளில் போகிறவர்களுடையவை. தோட்டத்து லைன் வீட்டிலிருந்து ஆலைக்கும் பட்டணத்துக்கும் போவோரில் பலருக்கு அதுதான் வாகனம். லோரியின் பின்தட்டில் அமர்ந்து போகிற தொழிலாளர்களுக்கோ பிடித்துக்கொள்ள இருக்கைப்பட்டைகூட இல்லை.

பிழை யாருடையது?

மலேசியாவில் சாலை விபத்து இழப்பீடு பிழையின் அடிப்படையில் அமைந்தது. இடித்தவர் கவனக்குறைவாக இருந்தார் என்பதைக் காயப்பட்டவர் மெய்ப்பிக்க வேண்டும். பின்மோதலில் இது மற்ற விபத்துகளைவிட எளிது. முன்வண்டி நின்றாலும் மோதாமல் நிறுத்தும் அளவுக்கு இடைவெளி விட வேண்டியது பின்வண்டி ஓட்டுநரின் கடமை என்பதால், சான்றுகள் வேறு கதை சொல்லாதவரை பொறுப்பு அவர் பக்கமே சாயும்.

ஆனாலும் பின்வண்டி எப்போதும் முழுப் பொறுப்பையும் ஏற்கும் என்று சொல்லிவிட முடியாது. பிரேக் விளக்கு எரியாத வண்டி, இருட்டு வளைவில் விளக்கும் எச்சரிக்கை அடையாளமும் இல்லாமல் நின்ற லோரி, காரணமின்றித் திடீரென நிறுத்தியவர், தடம் மாறி முன்னால் புகுந்து உடனே பிரேக் போட்டவர் ஆகியோர்மீதும் பொறுப்பில் ஒரு பங்கு விழலாம். ஏற்றத்தில் நின்ற முன்வண்டி பின்னோக்கி உருண்டு வந்து பின்வண்டியில் மோதுவது மலைச்சாலைக்கே உரிய சிக்கல். இரண்டு வண்டிகளின் சேதமும் பார்வைக்குச் சாதாரணப் பின்மோதலைப் போலவே இருக்கும். டேஷ்கேம் பதிவோ நேரில் பார்த்த சாட்சியோ இல்லாவிட்டால் உண்மையைப் பிரித்தறிவது கடினம்.

இருபுறமும் பிழை இருந்தால், 1956-ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி நீதிமன்றம் பொறுப்பைப் பங்கிடும். காயத்தின் மதிப்பு 50,000 ரிங்கிட் என்றும், காயப்பட்டவரின் பங்கு 20 விழுக்காடு என்றும் முடிவானால் கைக்கு வருவது 40,000 ரிங்கிட். இருக்கைப்பட்டை அணியாமல் காயத்தைப் பெரிதாக்கிக்கொண்டவருக்கும் இப்படிக் குறையலாம். முன்னிருக்கையில் பட்டை அணிவது 1979 முதலும், பின்னிருக்கையில் 2009 ஜனவரி 1 முதலும் கட்டாயம். காரில் பயணியாக மட்டும் இருந்தவருக்கு ஓட்டியதில் பிழை என்ற பேச்சே எழாது.

விபத்தைப் புலன்விசாரித்த போலீஸ் அதிகாரி இடித்த ஓட்டுநருக்குச் சம்மன் கொடுத்தால் அது வழக்குக்கு வலுவான துணை. ஆனால் போலீசாரின் முடிவு சிவில் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. நீதிபதி சாட்சியங்களைத் தாமே எடைபோட்டு முடிவெடுப்பார்.

முதல் 24 மணி நேரம்

1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, விபத்தில் சிக்கிய ஓட்டுநர் வண்டியை நிறுத்தி, தன் விவரங்களைத் தந்து, காயப்பட்டவருக்கு உதவி, 24 மணி நேரத்துக்குள் போலீசில் புகார் செய்ய வேண்டும் என்கிறது. ரிங்லெட் போன்ற பக்கத்துப் போலீஸ் நிலையத்தில் செய்யும் அந்த ரிப்போட்தான் பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் அடித்தளம். நடந்த இடம், நேரம், சாலையின் நிலை, நின்றுகொண்டிருந்ததா நகர்ந்துகொண்டிருந்ததா என்பது, உடலில் வலிக்கும் இடங்கள் எல்லாம் அதில் இருக்க வேண்டும். ரிப்போட்டில் ஒன்றும் நீதிமன்றத்தில் வேறொன்றும் சொன்னால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதையே பிடித்துக்கொள்வார். மலாய் மொழி தடுமாறுகிறவர் மொழி தெரிந்த ஒருவரை உடன் அழைத்துப்போய், எழுதியதைப் படித்துக் கேட்டபிறகு கையெழுத்திடுவது நல்லது. மருத்துவமனையில் படுத்திருப்பவர் எழுந்து நடமாடும் நிலை வந்ததும் தன் ரிப்போட்டைச் செய்யலாம். தாமதத்துக்கான காரணத்தையும் அதில் சொல்ல வேண்டும்.

வண்டிகளை நகர்த்துமுன் எடுக்கும் படங்கள் விலைமதிப்பற்றவை. வண்டி எண்கள், மோதிய பகுதிகள், சாலையில் பிரேக் தடம், வளைவு, மழை, சாட்சிகளின் தொலைபேசி எண் ஆகியவற்றை அங்கேயே சேர்த்துவிட வேண்டும். இடித்த வண்டியின் எண் கிடைத்தாலே போதும். அதன் காப்புறுதி நிறுவனத்தைப் பின்னர் தேடிக் கண்டுபிடிக்கலாம்.

அதே நாளில் மருத்துவரைப் பார்ப்பது அடுத்த கடமை. கேமரன் மலையில் தானா ராத்தாவில் உள்ள சுல்தானா ஹாஜா கல்சோம் மருத்துவமனை அரசு மருத்துவமனை. பெரிய காயங்கள் ஈப்போவுக்கு அனுப்பப்படுகின்றன. எம்.சி. எனப்படும் மருத்துவ விடுப்புத் தாள், மருந்துச் சீட்டு, அடுத்த தவணை அட்டை, மலையிறங்கிப் போய்வந்த வண்டிச் செலவின் ரசீது எதையும் தூக்கிப் போடக்கூடாது. போலீசின் வரைபடம், படங்கள், விசாரணை முடிவு ஆகியவற்றைக் கட்டணம் செலுத்திப் பெறலாம்.

பணம் எங்கிருந்து வருகிறது?

சாலையில் ஓடும் ஒவ்வொரு வண்டிக்கும் மூன்றாம் தரப்புக் காப்புறுதி கட்டாயம் என்கிறது சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 90-ஆம் பிரிவு. காப்புறுதி வாங்கியவர் ஒரு தரப்பு, நிறுவனம் மறு தரப்பு, அவர்களுடைய வண்டியால் காயப்பட்டவர் மூன்றாம் தரப்பு. முன்வண்டியின் ஓட்டுநரும் அவருடன் வந்த பயணிகள் அனைவரும் பின்வண்டிக்கு மூன்றாம் தரப்பினர். நீதிமன்றம் ஓட்டுநருக்கு எதிராகத் தீர்ப்பளித்தால், 96-ஆம் பிரிவின்படி நிறுவனம் அந்தத் தொகையைக் கட்ட வேண்டும். அதற்கு, வழக்குத் தொடுப்பதற்கு முன்போ தொடுத்த ஏழு நாள்களுக்குள்ளோ நிறுவனத்துக்கு அறிவிப்புக் கொடுத்திருக்க வேண்டும். இந்த ஓர் அறிவிப்பு விடுபட்டால் வென்ற வழக்கும் பணம் தராமல் போய்விடலாம்.

பின்வண்டியில் இருந்த பயணிகளின் நிலை வேறு. தனியார் காரின் சாதாரணக் காப்புறுதி அந்தக் காரிலேயே வந்த பயணிகளைக் கட்டாயமாக உள்ளடக்குவதில்லை. பயணிகளுக்கான சட்டப்பொறுப்பு என்ற கூடுதல் பாதுகாப்பைச் சிறு தொகை கட்டி வாங்கியிருந்தால்தான் அவர்களுக்குக் கிடைக்கும். பிள்ளைகளையும் பெற்றோரையும் ஏற்றிக்கொண்டு தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும் மலையிறங்கும் குடும்பத் தலைவர் ரோட்டெக்ஸ் எனப்படும் சாலை வரியைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் இதைக் கேட்டு வாங்குவது குடும்பத்துக்குச் செய்யும் நன்மை.

இடித்த வண்டிக்குக் காப்புறுதியே இல்லையென்றால் மோட்டார் காப்புறுதியாளர் பணியகம் இருக்கிறது. அரசாங்கத்துடன் 1968-இல் செய்த உடன்படிக்கையின்படி, காப்புறுதி இல்லாத வண்டியால் காயப்பட்டவர்களின் கோரிக்கைகளை அது ஆராய்கிறது.

வண்டிச் சேதம் தனிக் கணக்கு. முழுக் காப்புறுதி உள்ள தனியார் கார் உரிமையாளர், பிழை தன்னுடையது இல்லாதபோது தன் சொந்த நிறுவனத்திடமே பழுதுச் செலவைக் கேட்கலாம். அப்படிக் கேட்டால், கோரிக்கை இல்லாத ஆண்டுகளில் 55 விழுக்காடு வரை சேர்த்துவைத்த கட்டணக் கழிவு பறிபோகாது. கார் பழுதுபார்த்துக் கிடைத்ததும் எல்லாம் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். உடற்காயக் கோரிக்கை அதனால் முடிவதில்லை.

சொக்சோ தனி, வழக்கு தனி

1969-ஆம் ஆண்டு தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையிலான பயணம், வேலை நிமித்தமான பயணம், அனுமதிக்கப்பட்ட இடைவேளைப் பயணம் ஆகியவற்றில் நேரும் விபத்தை வேலை விபத்தாகவே கருதுகிறது. யார் பிழை என்ற கேள்வி இங்கே கிடையாது. வழியை விட்டு விலகித் தன் சொந்த வேலையாகப் போனபோது நடந்த விபத்தாக இருந்தால் உரிமை தடைபடும். அதனால்தான் போகும் வழியின் வரைபடம், வருகைப் பதிவு, போலீஸ் ரிப்போட் எல்லாம் கேட்கப்படுகின்றன. விபத்தை அறிந்த 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டியது முதலாளியின் கடமை.

குறைந்தது நான்கு நாள் எம்.சி. இருந்தால் தற்காலிக உடற்குறைப் பலன் கிடைக்கும். சராசரி நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு என்பது அதன் அளவு. குறைந்தது நாளுக்கு 30 ரிங்கிட். 2025-இல் நடைமுறைக்கு வந்த 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளம் பெறுகிறவருக்கு நாளுக்கு ஏறத்தாழ 45 ரிங்கிட் வரும். நிலையான உடற்குறை இருந்தால் மருத்துவ வாரியம் விழுக்காடு கணிக்கும். 20 விழுக்காடு வரை மொத்தத் தொகையாகவே தரப்படும். தேயிலைக் கொழுந்து வெட்டும் பணியில் இன்று பெருமளவில் இருக்கும் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் 2019 ஜனவரி முதல் சொக்சோவின் வேலை விபத்துத் திட்டத்தில் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள்.

சொக்சோ பணம் வாங்கியவர் இடித்தவர்மீது வழக்குப் போட முடியாது என்ற பேச்சு தோட்டங்களில் வேரோடியிருக்கிறது. அது உண்மையன்று. 31-ஆம் பிரிவு பொதுவாகத் தடுப்பது, அந்த வேலைக் காயத்துக்காகத் தன் முதலாளியிடம் தனியாக இழப்பீடு கேட்பதைத்தான். சாலையில் இடித்த அந்நியர்மீது வழக்குத் தொடுக்க அது தடையில்லை. மேலும், சட்டப்படி வரும் உதவித்தொகை, காப்புறுதிப் பணம், ஓய்வூதியம் எதையும் இழப்பீட்டிலிருந்து கழிக்கக்கூடாது என்று சிவில் சட்டத்தின் 28A பிரிவு தெளிவாகச் சொல்கிறது. இரண்டையும் முழுமையாகப் பெறலாம்.

இழப்பீட்டின் கணக்கு

இழப்பீடு இரண்டு வகைப்படும். ரசீது காட்டிக் கேட்கும் செலவுகளுக்குச் சிறப்பு இழப்பீடு. மருத்துவச் செலவு, பயணம், கவனித்துக்கொண்டவருக்கான செலவு, தீர்ப்பு நாள்வரை போன சம்பளம் ஆகியவை இதில் அடங்கும். தனியார் மருத்துவமனைச் செலவைக் கேட்பவர், அரசு மருத்துவமனையை விட்டு அங்கே போனதற்குக் காரணம் காட்ட வேண்டியிருக்கும்.

வலிக்கும் வேதனைக்கும், வாழ்வில் இழந்த நலத்துக்கும், வருங்காலச் சிகிச்சைக்கும் வருமான இழப்புக்கும் தருவது பொது இழப்பீடு. வலியை எண்ணிக்கையில் அளக்க முடியாது என்பதால் நீதிமன்றங்கள் முந்தைய தீர்ப்புகளைப் பார்க்கின்றன. மலேசிய வழக்கறிஞர் மன்றம் வெளியிடும் உடற்காய இழப்பீட்டுத் தொகுப்பு, எந்தக் காயத்துக்கு எவ்வளவு முதல் எவ்வளவு வரை என்று வகுத்துத் தருகிறது. அதன் திருத்திய பதிப்பு 2018 ஜூலையில் வந்தது. அது வழிகாட்டி மட்டுமே. நீதிபதி வழக்கின் தன்மைக்கேற்பக் கூட்டலாம், குறைக்கலாம்.

வருங்கால வருமான இழப்புக்குச் சட்டமே சூத்திரம் வைத்திருக்கிறது. 30 வயதும் அதற்குக் கீழும் உள்ளவருக்கு, ஓர் ஆண்டின் இழப்பைப் பெருக்கும் எண் 16 ஆண்டு. 31 முதல் 59 வயதுவரை உள்ளவருக்கு, 60-இலிருந்து வயதைக் கழித்து வருவதில் பாதி. 2019 செப்டம்பர் 1-இல் நடப்புக்கு வந்த திருத்தத்துக்கு முன் இந்த 60 என்ற எல்லை 55 ஆக இருந்தது. நாற்பது வயதுத் தொழிலாளி ஒருவர் கழுத்துக் காயத்தால் பளுவான வேலையை விட்டு இலகுவான வேலைக்கு மாறி, மாதம் 500 ரிங்கிட் இழக்கிறார் என்று கொள்வோம். அவருக்குரிய பெருக்கெண் 10 ஆண்டு. இழப்பு 500 ரிங்கிட், 12 மாதம், 10 ஆண்டு என்ற கணக்கில் 60,000 ரிங்கிட். சூழ்நிலைக்கேற்ப வாழ்க்கைச் செலவு போன்ற கழிவுகளும் இதில் வரும்.

இந்தக் கணக்குக்குச் சம்பளச் சீட்டு வேண்டும். எடைக்கேற்பக் கூலி வாங்கும் கொழுந்துத் தொழிலாளிக்கு மாதந்தோறும் வருமானம் மாறும். ஆறு மாதச் சீட்டாவது இருந்தால் சராசரி காட்டலாம். லெம்பா பெர்த்தாமில் சொந்தமாகக் காய்கறி பயிரிடுகிறவருக்கு இன்னும் சிரமம். விற்ற சீட்டு, வங்கிக் கணக்கு, வருமான வரித் தாள் எதுவும் இல்லாமல் வாய்ச்சொல்லில் மட்டும் வருமானத்தை நிறுவ முடியாது. விபத்துக்கு முன்பே கணக்கு எழுதும் பழக்கம் இருந்தவரே விபத்துக்குப் பின் தப்பிக்கிறார்.

உயிர் போய்விட்டால் சிவில் சட்டத்தின் 7-ஆம் பிரிவின்கீழ் கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், பெற்றோர் ஆகியோர் தங்களை ஆதரித்துவந்த வருமானத்தை இழந்ததற்காகக் கேட்கலாம். துக்கத்துக்கான தொகை 2019 திருத்தத்தில் 10,000-இலிருந்து 30,000 ரிங்கிட்டாக உயர்ந்தது. ஈமச்சடங்குச் செலவையும் சேர்த்துக் கேட்கலாம்.

காலக்கெடுவும் வழக்கின் நடையும்

தீபகற்ப மலேசியாவில் உடற்காய வழக்கை விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும் என்பது 1953-ஆம் ஆண்டு காலவரம்புச் சட்டத்தின் விதி. இறந்தவரின் குடும்பம் கேட்கும் ஆதரவு இழப்பு வழக்குக்கு மூன்று ஆண்டுதான். இடித்தது அரசாங்க வண்டி, ஓட்டியவர் கடமையில் இருந்தவர் என்றால் 36 மாதம். ஆறு ஆண்டு என்று எண்ணிக்கொண்டிருப்பவர் இந்தக் குறுகிய கெடுக்களில் சிக்கிக்கொள்வதுண்டு.

மோட்டார் வாகன விபத்து வழக்குகளை விசாரிக்க செஷன்ஸ் நீதிமன்றத்துக்குத் தொகை வரம்பே இல்லை. பெரும்பாலான வழக்குகள் அங்கேதான் நடக்கின்றன. 100,000 ரிங்கிட்டுக்கு மேற்படாதவற்றை மாஜிஸ்திரேட் நீதிமன்றமும் விசாரிக்கலாம். வழக்குத் தாக்கலானதும் காப்புறுதி நிறுவனம் தன் வழக்கறிஞரை நியமித்து, தன் தரப்பு நிபுணரிடம் காயப்பட்டவரைப் பரிசோதிக்கச் சொல்லும். காயம் ஆறி நிலைக்கு வருமுன் அதன் முழு அளவு தெரியாது என்பதால் நிபுணர் அறிக்கை சில மாதங்கள் கழித்தே எடுக்கப்படும். அறிக்கைகள் வந்தபின் இரு தரப்பும் பேசிப் பல வழக்குகள் விசாரணைக்கு முன்பே சமரசத்தில் முடிகின்றன. காயப்பட்டவர் 18 வயதுக்குக் கீழ் என்றால், எந்தச் சமரசத்துக்கும் நீதிமன்றத்தின் ஒப்புதல் வேண்டும்.

தரகரும் அவசரக் கையெழுத்தும்

விபத்து நடந்த மறுநாளே மருத்துவமனைப் படுக்கையருகே வந்து, எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். வழக்கறிஞர் அல்லாதவர் பணத்துக்காக உடற்காயக் கோரிக்கையைப் பேசி முடிக்கக்கூடாது என்கிறது 1976-ஆம் ஆண்டு சட்டத்தொழில் சட்டம். வென்றால் மட்டும் பணம் என்று பேசிக்கொள்ளும் ஒப்பந்தத்தையும் அதே சட்டத்தின் 112-ஆம் பிரிவு வழக்கறிஞர்களுக்குத் தடுக்கிறது. வந்த தொகையில் பாதியைத் தரகர் எடுத்துக்கொண்டார் என்று பின்னால் அழுது பயனில்லை. வழக்கறிஞரைக் காயப்பட்டவரின் குடும்பமே தேடி, நேரில் பார்த்து, கட்டணத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். வசதி இல்லாதவர்கள் அரசாங்கத்தின் சட்ட உதவித் துறையிடமும், வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்களிடமும் ஆலோசனை கேட்கலாம்.

இடித்தவர் சாலையோரத்திலேயே சில நூறு ரிங்கிட் கொடுத்து முடித்துக்கொள்ளப் பார்ப்பதும் வழக்கம். அப்போது கழுத்து வலிக்காது. கையில் பணம் இருக்கும். ஒரு வாரம் கழித்துக் கூடை தூக்க முடியாமல் போகும்போது, எல்லாக் கோரிக்கையும் முடிந்தது என்று எழுதிய தாள் எதிரே வந்து நிற்கும். காயத்தின் அளவு தெரியும்வரை எந்த விடுதலைத் தாளிலும் கையெழுத்திடக்கூடாது.

பிற நாடுகளில்

பிழையை மெய்ப்பித்தால்தான் பணம் என்ற முறை எல்லா நாட்டிலும் இல்லை. நியூசிலாந்து 1974 முதல் யார் பிழை என்று கேட்காமலே விபத்தில் காயப்பட்டவருக்கு அரசு அமைப்பின் வழியே சிகிச்சையும் வருமானமும் தருகிறது. இந்தியாவில் மோட்டார் விபத்துக் கோரிக்கைகளுக்கென்றே தனித் தீர்ப்பாயங்கள் இருக்கின்றன. தமிழ்நாட்டில் காயப்பட்டவர் சிவில் வழக்கின் நீண்ட நடைமுறையில் நுழையாமல் தீர்ப்பாயத்தில் மனுப் போடலாம். மலேசியாவில் சொக்சோவின் பயண விபத்துப் பாதுகாப்பு பிழை கேட்காத வழி. இடித்தவரிடம் கேட்பது வழக்கின் வழியே வர வேண்டும். மலைக்கு மேலே வாழும் தொழிலாளிக்கு ஒவ்வொரு தவணைக்கும் கீழே இறங்கிப் போவது ஒரு நாள் கூலியை இழப்பதாகும். இந்தச் சுமையைக் குறைக்கத் தோட்ட நிர்வாகங்களும் தொழிற்சங்கமும் கோயில் சங்கங்களும் செய்யக்கூடியது நிறைய உண்டு. விபத்து நடந்தால் யாரை அழைப்பது, எந்தத் தாளைச் சேர்ப்பது என்று தமிழில் ஒரு பக்கம் அச்சிட்டு லைன் வீடுகளில் ஒட்டுவதற்கு அதிகச் செலவில்லை. சொக்சோ படிவம் நிரப்ப ஒருவரைப் பழக்கிவைப்பதும் எந்தத் தோட்டத்துக்கும் இயலாத காரியமில்லை.

பின்மோதலில் காயப்பட்டவர் பிச்சை கேட்கவில்லை. இடித்தவர் ஆண்டுதோறும் கட்டிய காப்புறுதியும், காயப்பட்டவரின் சம்பளத்திலிருந்தும் அவருடைய முதலாளியிடமிருந்தும் மாதந்தோறும் போன சொக்சோ சந்தாவும் இப்படிப்பட்ட நாளுக்காகவே கட்டப்பட்டவை. 24 மணி நேரத்துக்குள் ரிப்போட், அதே நாளில் மருத்துவர், 48 மணி நேரத்துக்குள் முதலாளி வழியே சொக்சோவுக்குத் தகவல், காயம் தெளியும்வரை கையெழுத்து இல்லை, காலக்கெடுவுக்குள் வழக்கு. இந்த ஐந்தையும் தவறாமல் செய்கிற குடும்பத்துக்குச் சட்டம் துணை நிற்கும்.